ராகு காலத்துல ஞானஸ்நானம் எடுக்கலாமா? கிறிஸ்தவ வீடுகள்ல அடிக்கடி கேக்குற சகுன சந்தேகங்கள்

பாளையங்கோட்டை பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபையில பதினாலு வருஷமா ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம்னு ஓடிட்டு இருக்கேன். பாடம் நடக்கும்போது யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. முடிஞ்சு பாயை சுருட்டிட்டு இருக்கும்போது தான் ஒவ்வொருத்தரா பக்கத்துல வந்து "அண்ணே ஒரு சின்ன டவுட்டு"ன்னு மெதுவா ஆரம்பிப்பாங்க. அந்த சின்ன டவுட்டுல முக்கால்வாசி சகுனம், திருஷ்டி, சூனியம் பத்தி தான் இருக்கும். ஒரே பதிலை திரும்ப திரும்ப சொல்லி அலுத்துப்போய் இங்க எழுதி வைக்கிறேன். நான் ஐயரும் (எங்க சபை போதகரை அப்படி தான் கூப்பிடுவோம்) இல்ல, வேதாகம கல்லூரி பக்கம் போனவனும் இல்ல, அதை மனசுல வச்சுட்டு படிங்க.

சகுனம் பாக்குறது பாவமா அண்ணே, இல்ல சும்மா பழக்கம் தானா?

நம்ம தமிழ் பைபிள்லயே உபாகமம் 18:10ல குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம்பார்க்கிறவன், சூனியக்காரன்னு வரிசையா போட்டு, இதெல்லாம் உங்களுக்குள்ள இருக்கக்கூடாதுன்னு இருக்கு. நாள்பார்க்கிறவன்ங்கற வார்த்தை நம்ம ஊர் வார்த்தை, அதுக்கு விளக்கவுரை வேண்டாம். அதனால புஸ்தகத்துல என்ன இருக்குன்னு கேட்டா பதில் நேரா இருக்கு.

ஆனா வீட்டுல நடக்குறது அவ்ளோ நேரா இல்ல. எங்க ஆச்சி தினமும் காலைல "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" சொல்லாம காபி குடிக்க மாட்டாங்க, அதே ஆச்சி வெளிய கிளம்பும்போது யாராவது "எங்க போறீக"ன்னு கேட்டுட்டா திரும்பி வந்து திண்ணைல உக்காந்து ஒரு செம்பு தண்ணி குடிச்சுட்டு தான் மறுபடி கிளம்புவாங்க. நான் பாக்குற அளவுகோல் ஒண்ணு தான். இன்னைக்கு ஒரு நாள் அதை செய்யாம விட்டுப் பாருங்க, வயித்தை கலக்குதா? கலக்கலைன்னா அது பழக்கம். கலக்குச்சுன்னா நீங்க வேற எதையோ நம்பிட்டு இருக்கீங்க. இந்த அளவுகோலை கீழ பல இடத்துல எடுப்பேன்.

நாங்க கிறிஸ்டியன் தான், ஆனா கல்யாணத்துக்கு ராகு காலம் இல்லாம பாத்துக்கிறோம், சொந்தக்காரங்களுக்காக. தப்பா?

"திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா"ன்னு ஒரு வாய்ப்பாடு இருக்குல்ல, திங்கள்ல காலை 7.30க்கு ஆரம்பிச்சு ஒன்றரை ஒன்றரை மணி நேரமா தள்ளி ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு முடியும். இந்த வாய்ப்பாடு எங்க வாலிபர் கூட்டத்துல பாதி பேருக்கு மனப்பாடம், பைபிள்ல இருக்கற பத்து கற்பனையை (பத்து கட்டளையை) வரிசையா சொல்ல சொன்னா தான் திணறுவாங்க. ஞாயித்துக்கிழமை ராகு காலம் 4.30ல இருந்து 6 மணி. எங்க சபை சாயங்கால ஆராதனை 5.30க்கு மணி அடிக்கும். ஆக வாராவாரம் முதல் அரை மணி நேரம் ராகு காலத்துல தான் பாடிட்டு இருக்கோம், இதுவரைக்கும் கூரை விழல. ஞானஸ்நானமும் அதே கதை தான், தலைப்புல இருக்கற கேள்விக்கு இதுவே பதில்.

மாப்பிள்ளை வீட்டுல பாதி பேர் இந்துக்கள், அவங்க மனசு கஷ்டப்படாம இருக்கட்டும்னு நேரத்தை அரை மணி நேரம் தள்ளி வச்சா அதுல எனக்கு ஒண்ணும் பெரிய பிரச்சனை தெரியல, விருந்தாளிக்காக சாப்பாட்டு நேரத்தை மாத்துறோம்ல அது மாதிரி. ஆனா முக்கால்வாசி கேஸ்ல சொந்தக்காரங்க மேல பழியை போட்டுட்டு பயப்படுறது நம்மளே. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30ல ஆரம்பிக்கும், அதுக்குள்ள தாலி கட்டிரணும்னு ஐயர்கிட்ட போய் "மாப்பிள்ளைக்கு ட்ரெயினு இருக்கு, பிரசங்கத்தை கொஞ்சம் சுருக்கமா முடிச்சிருங்க"ன்னு சொன்ன ஒரு குடும்பம் எனக்கு தெரியும். மாப்பிள்ளை உள்ளூர். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் பார்க்கிறீங்களே, நான் உங்களுக்காக பட்ட பாடு வீணாப்போச்சோன்னு பயமா இருக்குன்னு புலம்புறாரு (4:10, 11), அந்த புலம்பலை அன்னைக்கு எங்க ஐயர் மூஞ்சில பாத்தேன்.

லெந்து நாள்ல (தவக்காலத்துல) கல்யாணம் வைக்கக் கூடாதுன்னு சபையே சொல்லுதே, அது மட்டும் நாள் பாக்குறது இல்லையா?

நல்ல கேள்வி, ஒன்பதாங்கிளாஸ் பையன் கேட்டான். சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் ஞாயிறை விட்டுட்டு எண்ணுனா 40 நாள். அந்த நாள் கெட்ட நாள்னு சபை சொல்லல. துக்க வீட்டுல கொஞ்ச நாளைக்கு சத்தமா பாட்டு போட மாட்டோம்ல, அது மாதிரி கிறிஸ்துவோட பாடுகளை நினைக்கிற காலத்துல பந்தி, பேண்டு, மாலைன்னு வேண்டாம்னு ஒரு ஒழுங்கு. அவ்ளோதான்.

ஆனா "லெந்துல பைக் எடுத்தா ஆகாது, ஈஸ்டருக்கு அப்புறம் டெலிவரி குடுங்க"ன்னு ஷோரூம்ல சொல்றவங்களும் இருக்காங்க. அவங்க லெந்தை ஆடி மாசமா மாத்திட்டாங்க, பையன் கேட்ட கேள்வி அவங்களுக்கு தான் பொருந்தும்.

பச்சப்புள்ளைக்கு திருஷ்டி பொட்டு வைக்கலாமா? பைபிள்லயே வன்கண்ணுன்னு இருக்குல்ல?

இருக்கு. மாற்கு 7:22ல வன்கண்ணுன்னு வருது, நீதிமொழிகள் 23:6ல வன்கண்ணனோட சாப்பாட்டை சாப்பிடாதேன்னு வருது. ரெண்டு இடத்தையும் முழுசா படிச்சா அது பொறாமை, கஞ்சத்தனம் பிடிச்ச மனசை சொல்லுதுன்னு புரியும். மாற்குல அது மனுஷனோட உள்ள இருந்து வந்து அவனையே தீட்டுப்படுத்துற லிஸ்ட்டுல இருக்கு, பாக்குறவனுக்கு தான் கேடு, உங்க புள்ளைக்கு இல்ல.

கன்னத்துல பொட்டு அழகுக்கு வச்சா வைங்க, நான் ஒண்ணும் அழிக்க வர மாட்டேன். கண்ணுக்குள்ள மை மட்டும் தீட்டாதீங்க, சில மைல ஈயம் இருக்கு, டாக்டருங்க வேண்டாம்னு தான் சொல்றாங்க. எனக்கு உண்மையான பயம் உப்பு மிளகாய் சுத்திப்போடுறதுல இருக்கு. புள்ள விடாம அழுதா முதல்ல மிளகாயை சுத்தி அடுப்புல போட்டு, நெடி வரல பாத்தியா, கண்ணு பட்டிருக்குன்னு முடிவு பண்ணி, சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து அப்புறமா ஆஸ்பத்திரிக்கு போறாங்க. மூணு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு காய்ச்சல்னா ஒரு மணி நேரம் கூட வேடிக்கை பாக்கக் கூடாது. மிளகாய்க்கு பதிலா ஜெபம் பண்ணிட்டு காத்திருந்தாலும் அதே தப்பு தான், ஜெபத்தை ஆட்டோல போய்க்கிட்டே பண்ணலாம்.

எலுமிச்சம்பழம் கட்டக்கூடாது சரி. வாசல்ல சங்கீதம் 91 ஒட்டலாம்ல? தலகாணிக்கு அடியில பைபிள், வண்டில சிலுவை?

இதுக்கு நான் எப்பவும் ஒரு எதிர்க்கேள்வி கேப்பேன். பைபிள்ல சங்கீதம் 91ஐ பிசாசு எங்க சொல்லுது? முழிப்பாங்க. மத்தேயு 4:6. இயேசுவை தேவாலயத்து உப்பரிகை மேல நிறுத்தி "தாழக் குதியும், தூதர்கள் தாங்குவாங்கன்னு எழுதியிருக்கே"ன்னு பிசாசு எடுத்துக்காட்டுறது அந்த சங்கீதத்தை தான். அதை மனப்பாடமா தெரிஞ்சவனை அதே ஸ்டிக்கரை ஒட்டி விரட்டலாம்னு நினைக்கிறது எனக்கு கொஞ்சம் சிரிப்பா இருக்கும்.

1 சாமுவேல் 4ம் அதிகாரத்துல இஸ்ரவேலர் பெலிஸ்தரோட சண்டைல தோத்துட்டு, உடன்படிக்கை பெட்டியை தூக்கிட்டு வந்தா ஜெயிச்சிரலாம்னு தூக்கிட்டு வந்தாங்க. 30,000 பேர் செத்தாங்க, பெட்டியும் போச்சு. பெட்டி உண்மையான பெட்டி தான், டூப்ளிகேட் இல்ல. அதே மாதிரி மோசே செஞ்ச வெண்கல சர்ப்பம், கர்த்தரே செய்ய சொன்னது, அதை பாத்தவன் பிழைச்சான். சில நூறு வருஷம் கழிச்சு ஜனங்க அதுக்கு தூபம் காட்ட ஆரம்பிச்சதும் எசேக்கியா ராஜா அதை உடைச்சுப் போட்டுட்டு நிகுஸ்தான்னு பேர் வச்சாரு, வெறும் வெண்கலத்துண்டுங்கற மாதிரி (2 இராஜாக்கள் 18:4). நல்ல பொருளும் தாயத்து ஆகும்.

ஒரு வீட்டுல ராத்திரி பயப்படுற பொண்ணுக்கு தலகாணிக்கு அடியில பைபிள் வச்சிருந்தாங்க. எடுத்து ஒரு வசனம் வாசிப்போம்னு திறந்தேன், ஓரத்துல இருக்கற தங்கக்கலர் பூச்சுல பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பிரிக்கும்போது சரக் சரக்குன்னு சத்தம். வாங்குன நாள்ல இருந்து யாரும் திறக்கல. அந்த பொண்ணுக்கு அன்னைக்கு வாசிச்சது 121ம் சங்கீதம், இப்ப அவளே வாசிக்கிறா. ஸ்டிக்கரை கிழிங்கன்னு நான் சொல்லல, மேல சொன்ன அளவுகோலை வச்சு பாத்துக்கோங்க. வண்டி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, "இயேசுவின் இரத்தம் ஜெயம்"னு முன்னாடி எழுதிட்டு ஹெல்மெட்டை டேங்க் மேல வச்சு ஓட்டாதீங்க.

ஜெப எண்ணெய், ஜெபிச்ச கர்ச்சீப்பு எல்லாம் பைபிள்ல இருக்கே? கத்தோலிக்க ஃப்ரெண்டு வேளாங்கண்ணி எண்ணெய் குடுத்தா, வாங்கலாமா?

அப்போஸ்தலர் 19:12ல பவுலோட உறுமால் (கர்ச்சீப்பு) இருக்கு, யாக்கோபு 5:14ல எண்ணெய் இருக்கு. ஒத்துக்கிறேன். ஆனா உறுமால் வசனத்துக்கு அடுத்த வசனத்தையே ஏன் யாரும் வாசிக்க மாட்டேங்கறாங்க? ஸ்கேவாவோட ஏழு பசங்க இயேசுங்கற பேரை ஒரு மந்திரம் மாதிரி எடுத்து விடுறாங்க, பொல்லாத ஆவி "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?"னு கேட்டு அடிச்சு துரத்துது, துணி இல்லாம ஓடுறாங்க. பவுல் உறுமாலுக்கு விலை போட்டதாவும் எங்கயும் இல்ல. நூறு ரூபா பாட்டில், ஐநூறு ரூபா பாட்டில்னு சைஸ் வாரியா வித்தா அது வியாபாரம்.

கத்தோலிக்கர்னாலே மூடநம்பிக்கைன்னு நம்ம ஆளுங்க பேசுறது எனக்கு பிடிக்காது. அவங்க மறைக்கல்வி நூல்லயே 2111ம் எண்ல, மனசுல ஒண்ணும் இல்லாம வெளிச்சடங்கு மட்டும் செஞ்சா பலன் வந்துரும்னு நம்புறது மூடநம்பிக்கைன்னு தெளிவா இருக்கு. அன்பா குடுத்த எண்ணெயை வாங்கிக்கோங்க, அவளுக்காகவும் ஜெபிச்சுக்கோங்க.

புத்தாண்டு வாக்குத்தத்த கார்டு எடுக்குறது கிளி ஜோசியம் மாதிரி தானேன்னு எங்க மச்சான் கிண்டல் பண்றாரு.

உங்க மச்சான் கிண்டல்ல பாதி நியாயம் இருக்கு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு, பன்னிரண்டு மணி அடிச்சு, கை குடுத்து முடிச்சதும் தட்டுல வசனம் எழுதுன கார்டு வரும். மூணு வருஷமா தட்டு பிடிக்கிறது நான் தான், அதனால பாத்ததை சொல்றேன். ஒரு பெரியம்மா கார்டை எடுத்தாங்க, வெளிச்சத்துல பாத்தாங்க, "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு"ன்னு இருந்துச்சு, சத்தம் காட்டாம திரும்ப தட்டுல கவுத்து வச்சுட்டு வேற ஒண்ணு எடுத்தாங்க. ரெண்டாவதுல "உன்னை ஆசீர்வதிப்பேன்". சிரிச்ச முகமா போயிட்டாங்க. இத்தனைக்கும் முதல் வசனத்தோட அடுத்த பாதி "ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்"னு இருக்கு, கார்டுல இடம் இல்லாம கீழ பொடி எழுத்துல இருந்துருக்கு. இப்ப எங்க சபைல உபத்திரவம்ங்கற கார்டே போடுறது இல்ல, எல்லாம் ஆசீர்வாதம் தான். அது தான் எனக்கு கிளி ஜோசியத்தை விட சங்கடமா இருக்கு, கிளி கூட சில நேரம் கெட்ட சீட்டு எடுக்கும்.

வசனத்தை சீட்டு எடுக்குறது புதுசும் இல்ல. ஜெர்மனில ஹெர்ன்ஹூட் ஊர்ல மொரேவியன் சபைக்காரங்க 1731ல இருந்து வருஷத்தோட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் சீட்டுல எடுத்து புத்தகமா போடுறாங்க. வித்தியாசம் என்னன்னா அது ஊருக்கே ஒரே வசனம், தினம் ஒண்ணு, "எனக்கு இந்த வருஷம் என்ன நடக்கும்"னு யாரும் அதை பாக்குறது இல்ல. நீங்களும் கார்டு எடுங்க, எடுத்துட்டு அந்த அதிகாரம் முழுசையும் வாசிங்க, யாருக்கு எப்ப சொன்னதுன்னு பாருங்க. கண்ணை மூடிட்டு பைபிளை திறந்து விரல் வைக்கிறதுக்கும் இதே பதில்.

"இந்த ஜெபத்தை பத்து பேருக்கு அனுப்பலைன்னா கெட்டது நடக்கும்"னு வாட்ஸாப்ல வருது, டெலிட் பண்ண பயமா இருக்கு.

டெலிட் பண்ணுங்க. எனக்கும் அனுப்பாதீங்க.

8ம் நம்பர், 13, 666?

கூட்டுத்தொகை 8 வருதுன்னு வண்டி நம்பரை மாத்த காசு கட்டுனவங்க சபைலயே இருக்காங்க. நோவா பேழைல பிழைச்சது எட்டு பேர், ஈசாயோட ஏழு பசங்களை ஒதுக்கிட்டு சாமுவேல் அபிஷேகம் பண்ணது அதுக்கு அப்புறம் வந்த தாவீதை. 13 பயம் வெள்ளைக்காரங்க நாட்டுல கடைசி இராப்போஜனத்தோட சேத்து பேசுறது, ஆக கிறிஸ்தவ நாடுன்னா சகுனம் இல்லன்னு நினைச்சுராதீங்க, லிஃப்டுல 12க்கு அப்புறம் 14 போடுறவங்க அவங்க. 666 மிருகத்தோட எண்ணுன்னு பைபிளோட கடைசி புஸ்தகமான வெளிப்படுத்தல்ல இருக்கு தான், ஆனா சில பழைய கையெழுத்துப் பிரதிகள்ல அந்த எண்ணே 616னு இருக்கு. பில்லு 666 ரூபா வந்துச்சுன்னு ஒரு சாக்லேட் சேத்து வாங்குன தம்பி, உன்னை தான் சொல்றேன்.

விதவைங்க கல்யாணத்துல முன்னாடி நிக்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்றாங்க. நம்மள்லயும் அது உண்டா?

இந்த ஒரு கேள்விக்கு என்னால பொறுமையா பதில் சொல்ல முடியாது. எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல, பெத்த தாய், புருஷன் இறந்து நாலு வருஷம், பொண்ணை கூட்டிட்டு பலிபீடத்துக்கிட்ட வர வேண்டியவங்க, கோவில்ல (நாங்க சர்ச்சை கோவில்னு தான் சொல்லுவோம்) கடைசி வரிசைல தூணுக்கு பக்கத்துல உக்காந்திருந்தாங்க. யாரும் போக சொல்லல. சொல்லாமலே அவங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு, அது தான் கொடுமை. கைல அந்த பொண்ணுக்கு வச்சு விட கட்டுன மல்லிகைப்பூ, ஈரத்துணில சுத்தி, ஆராதனை முடியுற வரைக்கும் மடிலயே இருந்துச்சு.

குழந்தை இயேசுவை தேவாலயத்துக்கு கொண்டு வந்தப்ப வந்து பாத்து ஸ்தோத்திரம் சொன்னது அன்னாள், எண்பத்துநாலு வயசு விதவை (லூக்கா 2:37). அது எருசலேம். நம்ம ஊருக்கே வாங்க. பாளையங்கோட்டைல முதல் கோவிலை கட்டுனது கிளாரிந்தா அம்மா, 1778ல மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்கிட்ட ஞானஸ்நானம் எடுத்த பிராமண விதவை. கோவில் பிரதிஷ்டை ஆனது 1785ல, இன்னைக்கும் பாப்பாத்தியம்மாள் கோவில்னு தான் பேரு. திருநெல்வேலி சபையோட வேர்ல ஒரு விதவை கட்டுன செங்கல் இருக்கு, அந்த சபைல பெத்த பொண்ணோட கல்யாணத்துல தூணுக்கு பின்னாடியா? மேல உள்ள கேள்விகள்ல "மனசாட்சி படி பாத்துக்கோங்க"ன்னு எழுதுனேன், இதுல அது கிடையாது. அடுத்த கல்யாணத்துல முதல் வரிசைல உக்கார வைங்க, முடிஞ்சா தாலியை அவங்க கையில குடுத்து ஆசீர்வதிக்க சொல்லுங்க.

இயேசு பிறந்தப்ப கிழக்கு தேசத்து சாஸ்திரிகள் (ஞானிகள்) நட்சத்திரம் பாத்து தானே பெத்லகேம் வந்தாங்க? அப்ப ஜாதகப் பொருத்தம் மட்டும் ஏன் கூடாது?

புத்திசாலித்தனமான கேள்வி, ஆனா மத்தேயு 2ஐ நிதானமா வாசிங்க. நட்சத்திரத்தை பாத்து கிளம்புனவங்க முதல்ல போய் நின்னது எருசலேம்ல, ஏரோது ராஜா ஊர்ல. எந்த ஊர்னு தெரிஞ்சது மீகா தீர்க்கதரிசி புஸ்தகத்தை திறந்து வாசிச்சதுக்கு அப்புறம் தான். தூரத்துல இருந்தவங்களை அவங்களுக்கு தெரிஞ்ச பாஷைல தேவன் கூப்பிட்டாருன்னு எடுத்துக்கலாம், அதுல இருந்து பத்து பொருத்தம் வரைக்கும் வர்றது ரொம்ப தூரம். பொருத்தம் பாக்கணும்னா பையன் குடிக்கிறானா, கடன் இருக்கா, சுகர் இருக்கா, அம்மாகிட்ட எப்படி பேசுறான்னு பாருங்க. ஜாதகம் ஒத்துப்போச்சுன்னு இதையெல்லாம் விசாரிக்காம விட்ட கிறிஸ்தவ குடும்பம் எனக்கே ரெண்டு தெரியும்.

பில்லி சூனியம் நிஜமா? ஒரு ஊழியக்காரர் எங்க வீட்டுல தகடு புதைச்சிருக்குன்னு சொல்றாரு.

தீய ஆவி உண்டுன்னு பைபிள் சொல்லுது, நானும் நம்புறேன். "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை"ன்னும் அதே பைபிள் சொல்லுது (எண்ணாகமம் 23:23), அதையும் நம்புறேன். ரெண்டையும் நம்புறவன் கடப்பாரையோட வீட்டை தோண்ட வேண்டிய அவசியம் இல்ல.

எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு வெளியூர்ல இருந்து ஒருத்தர் வந்து ஜெபிச்சுட்டு, "உங்க ரத்த சொந்தத்துல ஒரு பொம்பளை, பேர் ச எழுத்துல ஆரம்பிக்கும், அவ வச்சது"ன்னு சொல்லிட்டு காணிக்கை வாங்கிட்டு பஸ் ஏறிட்டாரு. சாந்தி, சரோஜா, சரஸ்வதி, சாராள், எந்த குடும்பத்துல ச இல்ல சொல்லுங்க? அக்காவும் தங்கச்சியும் ஆறு வருஷம் பேசல. அவங்க அம்மா அடக்கத்துல பெட்டிக்கு இந்த பக்கம் ஒருத்தி அந்த பக்கம் ஒருத்தி நின்னாங்க. தீர்க்கதரிசி சொன்னது நடக்கலைன்னா அவன் துணிகரமா சொன்னது, அவனுக்கு பயப்பட வேண்டாம்னு உபாகமம் 18:22ல இருக்கு, முதல் பதில்ல சொன்ன அதே அதிகாரம் தான், மேல பாதியை மந்திரவாதிக்கு வாசிக்கிறோம், கீழ பாதியை நம்ம ஆளுக்கு வாசிக்க மாட்டேங்கறோம்.

தம்பி தனியா பேசுறான், தூங்க மாட்டேங்கறான். உபவாசம் இருந்து பேயை விரட்டுனா போதும், மாத்திரை அவிசுவாசம்னு சொல்றாங்க.

உடனே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, ஜெபமும் பண்ணுங்க. சுகவீனத்துக்கு மருந்து எடுக்குறது அவிசுவாசம்னா பவுல் கூடவே வந்த லூக்கா வைத்தியர் என்ன வேலை பாத்தாரு? யாராவது மாத்திரையை நிறுத்த சொன்னா, கட்டி வைக்கணும்னு சொன்னா அந்த இடத்தை விட்டு வந்துருங்க. 2001 ஆகஸ்ட் 6ம் தேதி ஏர்வாடில ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலில கட்டி வச்சிருந்ததால ஓட முடியாம 28 பேர் இறந்தாங்க. எந்த மதத்து இடம்ங்கறது இங்க விஷயமே இல்ல, எல்லா மதத்துலயும் சங்கிலி இருக்கு. யார்கிட்ட பேசுறதுன்னே தெரியலைன்னா அரசோட டெலி மானஸ் நம்பர் 14416, காசு கிடையாது.

நாங்க எதுவும் பாக்காம விசுவாசமா தான் கிளம்புனோம். ஆக்சிடென்ட் ஆயிருச்சு. இப்ப என்ன சொல்றீங்க அண்ணே?

இதை கேட்டது எங்க சபை அக்கா ஒருத்தங்க, காலு உடைஞ்சு கட்டிலுல படுத்துக்கிட்டு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணி, ராகு காலம், கிளம்பாதேன்னு பக்கத்து வீட்டுல சொல்லிருக்காங்க, இவங்க சிரிச்சுட்டு கிளம்பிருக்காங்க, சமாதானபுரம் தாண்டுறதுக்குள்ள லாரிக்காரன் ஒதுக்கிட்டான். பக்கத்து வீட்டுக்காரங்களை விட நம்ம சபை ஆளுங்க தான் மோசம், "ஏதாவது பாவம் இருந்திருக்கும், இல்லன்னா காலைல ஜெபிக்காம போயிருப்பா"ன்னு பேசிருக்காங்க. ராகு காலத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், பேரு தான வேற. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, அவங்க மத்தவங்களை விட குற்றவாளிகள்னு நினைக்கிறீங்களான்னு இயேசுவே கேட்டு, இல்லன்னு சொல்லிட்டாரு (லூக்கா 13:4).

அதுக்கு மேல அக்காகிட்ட சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. ஏன் நடந்துச்சுன்னு எனக்கு தெரியாதுன்னு தான் சொன்னேன். தானியேல்ல அந்த மூணு வாலிபர் அக்கினிச்சூளை முன்னாடி நின்னு, தேவன் "விடுவிக்காமற்போனாலும்" சிலையை வணங்க மாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்றாங்கல்ல, அதை வாசிச்சேன், அவங்க கட்டன் சாயா போட்டு குடுக்க சொன்னாங்க, குடிச்சுட்டு வந்துட்டேன். அடுத்த மாசம் கட்டு பிரிக்க ஆஸ்பத்திரிக்கு நான் தான் ஆட்டோ பிடிச்சு கூட்டிட்டு போனேன். அதுவும் வெள்ளிக்கிழமை, அதே பதினோரு மணி. எலும்பு டாக்டர் அந்த நேரத்துக்கு தான் வருவாராம். ஏறும்போது அக்கா மணியை பாத்துட்டு, "லாரி வருதான்னு மட்டும் பாத்து ஓட்ட சொல்லுங்க"ன்னாங்க.